ஆக்ஸ்பர்க் பேழையில் ஒரு குங்குமப் பொட்டு

முப்பத்தோரு வருஷம் ஒரே வேலையில் இருந்து, போன தை மாதம் ஓய்வு பெற்றேன். அது என்ன வேலை என்று எங்கள் மார்க்கையன்கோட்டையில் யாருக்கும் இன்றுவரை விளங்கவில்லை. "சின்னமனூர்ல ஒரு பெரிய வீட்டுல அலமாரியப் பாத்துக்கிறா" என்பார்கள். "அலமாரி என்ன எந்திரிச்சு ஓடியா போகுது, பாத்துக்கிறதுக்கு?" என்று என் நாத்தனார் ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் கேட்டாள். ஓடாதுதான். ஆனால் மரம் சும்மாவும் இருக்காது. ஆடிக் காற்றில் சுருங்கும், ஐப்பசி மழையில் ஊதும், பூச்சி வந்தால் சத்தமில்லாமல் உள்ளே இடம் கொடுத்துவிடும். நானூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் வெட்டிய மரமாக இருந்தாலும் நம்ம ஊர் மழை அதற்கும் தெரியும்.

போன வாரம் காயத்ரி போன் செய்தாள். எங்கள் ஐயாவின் சேகரிப்பைப் பொறுப்பேற்றுக்கொள்ளும் அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களைப் பழுது நீக்குவது அவள் வேலை. ஒவ்வொரு பொருளுக்கும் நாங்கள் எழுதி வைத்த கார்டு இப்போது அவள் கையில். "மேடம், எல்லாக் கார்டுலயும் 'எப்படி'ங்கிற இடத்துல ஒரு வரிதான் இருக்கு. பதினாலாம் நம்பர்ல மட்டும் கார்டு நிரம்பி பின்பக்கமும் போயிருக்கு. இங்க புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்க ஏன்னு கேக்கறாங்க, என்ன சொல்றது?" என்றாள். போனிலேயே சொல்ல ஆரம்பித்தேன். பாதியில், எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஐயா என்று நான் சொல்வது சிவசாமி ஐயாவை. ஏலக்காய்க் குடும்பம். மேலே மலையில் தோட்டம், போடியில் ஸ்டோர், சின்னமனூரில் வீடு. வாலிபத்தில் இயந்திரப் படிப்புக்காக ஜெர்மனிக்குப் போனவர், படித்து முடித்து அங்கேயே பத்துப் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தார். அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் பழைய மரச்சாமான்களைப் பழுது பார்க்கும் தச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குக் கூடமாட உதவப் போனதில் ஐயாவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. மற்றவர்கள் சீமையிலிருந்து வரும்போது ரேடியோ கொண்டு வருவார்கள். எங்கள் ஐயா நாலு பேர் தூக்க முடியாத இரும்புப் பெட்டி ஒன்றைக் கொண்டு வந்தார். அதன் பிறகு ஏலக்காய் வியாபாரமாக எத்தனை தடவை அங்கே போனாரோ அத்தனை தடவையும் ஏதோ ஒன்று பின்னாலேயே கப்பலில் வந்து சேர்ந்தது.

அந்த இரும்புப் பெட்டி நூரன்பர்க் நகரத்து வேலை. முன்பக்கம் பெரிதாக ஒரு சாவித் துவாரம் இருக்கும், அது பொய். நிஜத் துவாரம் மூடியின் நடுவில் ஒரு குமிழுக்கு அடியில் ஒளிந்திருக்கும். லூபெக் பக்கத்திலிருந்து வந்த ஓக் மர அலமாரி ஆள் உயரத்துக்கும் மேலே. ஒரு ஆணி கிடையாது, ஆப்புகளை வரிசையாகத் தட்டி எடுத்தால் பாகம் பாகமாகப் பிரிந்துவிடும். கழுத்தில் தாடிக்காரர் முகம் வைத்த மண் கூஜாக்கள் ஐந்து இருந்தன. கோம்பையிலிருந்து வந்த சமையற்காரி, "அந்தத் தாடிக்காரரு முழிக்கிறாரு, நான் உள்ள வர மாட்டேன்" என்று காப்பியை வாசலிலேயே வைத்துவிட்டுப் போவாள்.

இவை எல்லாவற்றையும்விட ஐயாவுக்குப் பிரியமானது பதினாலாம் நம்பர். ஆக்ஸ்பர்க் நகரத்துப் பேழை. ஒரு முழ அகலம், மேசைமேல் வைக்கிற அளவுதான். வெளிக்கதவு இரண்டையும் திறந்தால் உள்ளே பன்னிரண்டு சின்ன இழுப்பறைகள், நடுவில் ஒரு குட்டிக் கதவு. பல நிற மரத் துண்டுகளைச் சீவி ஒட்டி, இடிந்த கோபுரங்களும் பறவைகளும் படமாகப் பதித்திருப்பார்கள். குட்டிக் கதவின் நடுவில் மட்டும் வழவழப்பான எலும்புத் தகடு ஒன்று, முட்டை வடிவத்தில், எந்தச் சித்திரமும் இல்லாமல் வெறுமையாக இருக்கும்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை பெரிதல்ல. என் வீட்டுக்காரர் காய்ச்சலில் விழுந்து எட்டே நாளில் போய்ச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. பிள்ளை இல்லை. பத்தாவது பாஸ், டைப்ரைட்டிங் லோயர். போடி ஸ்டோரில் ஏலக்காய் பிரிக்க உட்கார்ந்தேன். இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் ஐயா என் பின்னால் வந்து நின்றார்.

"அந்தக் காய ஏம்மா தனியா வச்ச? நல்ல பச்சையாத்தான இருக்கு?"

"உள்ள புழு இருக்கு ஐயா."

"எப்படித் தெரியும்?"

"காம்புகிட்ட பொடி ஒட்டியிருக்கு."

காயைப் பிளந்து பார்த்தார். இருந்தது. அடுத்த வாரம் சின்னமனூர் வீட்டுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது.

முதல் வருஷம் நான் கற்றது எல்லாம் கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதுதான். இழுப்பறையைக் குமிழைப் பிடித்து இழுக்கக் கூடாது, அடியில் கை கொடுத்து எடுக்க வேண்டும். துணியால் துடைக்கக் கூடாது, மெல்லிய தூரிகையால் தூசியைத் தள்ள வேண்டும். டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் மேடு பள்ளம் தெரியும். ஈரமான எதுவும் அந்த அறைக்குள் வரக் கூடாது. ஐயா அறைக்குள் நுழைந்ததும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார், தன்னையே நம்பாதவர் மாதிரி. உட்கார அவருக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நான் நிற்பேன். நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அப்படியே பழகிவிட்டது.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கார்டு. கீறலோ, விரிசலோ, கறையோ எது கண்ணில் பட்டாலும் கார்டில் ஏற்ற வேண்டும். நாலு கேள்வி: எது, எந்தப் பக்கத்திலிருந்து, எப்படி, யார். இந்த வரிசையில்தான் கேட்பார். 'யார்' எப்போதும் கடைசி. பதில் வந்ததும் எழுதுவார், மூடுவார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஒரு தடவை அவரே தும்மினார். முழங்கை இடித்துத் தாடிக்காரர் ஒருவரின் கைப்பிடி உடைந்து கீழே விழுந்தது. நான் பதறி நிற்கிறேன். அவர் நிதானமாக, "கார்டு எடு பவுனு" என்றார். எது: கைப்பிடி. எந்தப் பக்கத்திலிருந்து: வலது. எப்படி: தும்மல், முழங்கை. யார்: சிவசாமி. எழுதி முடித்துவிட்டுச் சொன்னார்: "கார்டு கோவப்படாதும்மா. அதுனால அதுகிட்டப் பொய் சொல்ல அவசியமில்ல. ஒரு பொய் ஏறிட்டா மத்த கார்டையும் யாரும் நம்ப மாட்டாக."

அந்த வார்த்தை என்னைச் சுருக்கென்று குத்தியது. ஏனென்றால் அதற்கு முன்பே ஒரு பொய் ஏறிவிட்டது, என் பொருட்டு.

நான் வேலைக்குச் சேர்ந்து வந்த முதல் ஆயுத பூஜை அது. அந்த வீட்டில் அன்றைக்கு எதையும் விட மாட்டார்கள். ஜீப், தராசு, அரிவாள்மனை, ஐயாவின் கடைசல் இயந்திரம் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. ஐயா போடி ஸ்டோர் பூஜைக்குப் போயிருந்தார். விசாலாட்சி அம்மா, ஐயாவின் மனைவி, கையில் தட்டோடு அறை வாசலுக்கு வந்தார்கள். அவர்கள் அந்த அறைக்குள் அதிகம் வருவதில்லை. "ஒங்க ஐயாவுக்கு இங்கன அஞ்சாறு சக்களத்தி இருக்காளுக, நான் எதுக்கு வந்துக்கிட்டு" என்று வாசலோடு கேலி பண்ணிவிட்டுப் போவதுதான் வழக்கம்.

"ஒனக்கு ஆயுதம் எது பவுனு?" என்று கேட்டார்கள்.

தூரிகையையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக் காட்டினேன். அம்மா இரண்டுக்கும் பொட்டு வைத்தார்கள். பிறகு அறைக்குள் வந்து, தூசி தட்டுவதற்காக நான் திறந்து வைத்திருந்த பேழையைப் பார்த்தார்கள்.

"சோறு போடுறது இதுதான? இதுக்கும் வையி. நீ வையி. நெத்தி மாதிரி எடங்கூட விட்டு வச்சிருக்கான் பாரு."

தட்டை என் முன்னால் நீட்டினார்கள். நான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். ஈரம் ஆகாது என்பது அப்போது நினைவுக்கு வரவே இல்லை. குங்குமத்தைத் தொட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. என் மாமியார் வீட்டில் விசேஷத் தட்டு வரிசையாக வரும், என்னிடம் வந்ததும் ஒரு ஆள் தள்ளிப் போகும். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, அந்தத் தட்டுக்கு வழி தெரியும். அம்மாவுக்கு நான் சொல்லாமலே புரிந்திருக்க வேண்டும். "வேலைக்குப் பூசை வைக்கிறவளுக்கு என்னடி தீட்டு" என்று மட்டும் சொன்னார்கள். என் மணிக்கட்டைப் பிடித்து, விரலைச் சந்தனத்திலும் குங்குமத்திலும் தொட வைத்து, அந்த எலும்புத் தகட்டின் நடுவில் வைத்து அழுத்தினார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அம்மா போன பிறகுதான் நினைவு வந்தது. ஈரம். எலும்பு. அவசரத்தில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். அது அதைவிடப் பெரிய தப்பு. சந்தனம் வந்துவிட்டது. அம்மா வீட்டிலேயே மஞ்சளில் செய்த குங்குமம், தண்ணீரோடு சேர்ந்து எலும்பின் நுண்ணிய துளைகளுக்குள் இறங்கிவிட்டது. துடைக்கத் துடைக்கச் சிவப்பாக உட்கார்ந்தது.

மறுநாள் காலை ஐயா கதவைத் திறந்தார். பார்த்தார். கைகள் பின்னால் இறுகியது எனக்குத் தெரிந்தது. அவர் 'எது' என்று ஆரம்பிப்பதற்கு முன்னால் வாசலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"நாந்தான் வச்சேன். பவுனு அப்ப இங்கன இல்ல."

ஐயா திரும்பிப் பார்த்தார். "எப்படி வச்ச?"

"பொட்டு எப்படி வப்பாக? வைக்கிற மாதிரிதான் வச்சேன். ஒங்க விசாரணையெல்லாம் எஸ்டேட்டோட நிறுத்திக்கங்க."

ஐயா எழுதினார். எது: குங்குமக் கறை. எந்தப் பக்கத்திலிருந்து: எதிரிலிருந்து. 'எப்படி' என்ற இடத்தில் பேனா நின்றது. அதை வெறுமையாக விட்டுவிட்டு, யார்: விசாலாட்சி என்று முடித்தார். அவர் ஒரு கேள்வியைப் பதில் இல்லாமல் விட்டது அந்தக் கார்டில் மட்டும்தான்.

அன்று பிற்பகலே கறையை எடுக்கப் பார்த்தார். அதற்கு அவருடைய ஜெர்மன் தச்சர் காட்டிய முறை ஒன்று உண்டு. மெல்லிய குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் வைத்து ஈரமாக்கி, தேய்க்காமல் உருட்ட வேண்டும். எச்சிலைப் போல மென்மையாக அழுக்கை எடுப்பது வேறில்லை, உலகம் முழுக்கப் பழுதுபார்ப்பவர்கள் இதைச் செய்கிறார்கள் என்று எனக்கு விளக்கிக்கொண்டே குச்சியை வாயருகே கொண்டு போனார். காப்பி கொண்டுவந்த அம்மா பார்த்துவிட்டார்கள்.

"இந்தாருங்க. பூசை வச்ச சாமான்ல எச்சி வைப்பாகளா? இந்த வீட்டுல அது நடக்காது."

"விசாலம், இது விஞ்ஞானம்."

"அப்ப விஞ்ஞானத்தப் போயி தோட்டத்து மோட்டார்ல வைங்க."

குச்சி கீழே போனது. பொட்டு அப்படியே தங்கியது.

அம்மாவிடம் தனியாகப் போய் அழுதேன். ஐயாவிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். "வேல போயிட்டா மறுபடி காய் பொறுக்கப் போறியா? நான் நீட்டுன தட்டு, நான் சொன்ன சொல்லு. தப்பு எங்கிட்டதான் இருக்கு. வாயத் தொறந்த, பாத்துக்க" என்றார்கள். ஐயா என்னை அனுப்பியிருக்க மாட்டார் என்று இப்போது தெரியும். அப்போது தெரியாது. வாயை மூடிக்கொண்டேன்.

வருஷங்கள் ஓடின. ஒரு மழைக்காலத்தில் லூபெக் அலமாரியின் காலடியில் ஒரு சிட்டிகை பொடி பார்த்தேன், ஏலக்காய்க் காம்பில் பார்த்த மாதிரியே. ஐயாவும் நானும் ஆப்புகளுக்கு எண் போட்டுக் கழற்றி, அலமாரியைப் பிரித்து, ஒவ்வொரு பலகையாக டார்ச் அடித்துப் பார்த்தோம். மூன்று நாள் ஆனது. கடைசியில் பூச்சி இருந்தது அலமாரியில் இல்லை, அதை ஒட்டிக் கிடந்த பலா மர முக்காலியில். "நம்மூர்ப் பூச்சிம்மா, விசா இல்லாம உள்ள போகப் பாத்துருக்கு" என்றார் ஐயா. அவர் சிரித்து நான் கேட்ட சில சமயங்களில் அது ஒன்று. இப்படி எத்தனையோ சம்பவம். எல்லாவற்றுக்கும் கார்டு உண்டு, எல்லாக் கார்டும் உண்மை, ஒன்றைத் தவிர.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அம்மா போனார்கள். தூக்கத்திலேயே. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை ஐயா அறைக்கு வந்தார். "பதினாலத் திற" என்றார். திறந்தேன். நாற்காலியைப் பேழைக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டோ எல்லாம் முகத்தத்தான் காட்டுது பவுனு. தொட்ட எடம்னு எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்."

அன்றிலிருந்து தினமும் வந்தார். மஞ்சள் கிழங்கிலிருந்து வரும் நிறம் வெளிச்சத்துக்கு நிற்காது. சிவப்பு ஏற்கெனவே தேய்ந்து காவி நிறத்துக்கு வந்திருந்தது. அதனால் அந்தப் பக்கத்து ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டார், தனக்கு ஐந்து நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொண்டார். கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், ஐந்து ஆனதும் "மூடு" என்பார். ஒருநாள் கூட ஆறாவது நிமிடம் எடுத்ததில்லை. மனைவியின் விரல் தேய்ந்துவிடக் கூடாது என்று அவர் அப்படி மிச்சம் பிடித்தார். கதவைச் சாத்தும் என் விரல்தான் அது.

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ நாள் வாயெடுத்தேன். சொன்னால் அம்மாவை இரண்டாவது தடவை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு போவது போல. சொல்லாவிட்டால் கார்டு பொய். இரண்டில் பொய் லேசாகத் தெரிந்தது, அதையே சுமந்தேன்.

போன மார்கழியில் காயத்ரி வந்தாள். எண்பத்தெட்டு வயதில் ஐயா எல்லாவற்றையும் அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பேழை மட்டும் அவர் காலம் வரை வீட்டில் இருக்கும், பிறகு போகும். பத்து நாள் தங்கி எல்லாக் கார்டையும் பொருளோடு ஒப்பிட்டாள். நல்ல கண் அவளுக்கு, என் கண்ணுக்குச் சமம் என்று சொல்ல மனசு வராது, பக்கத்தில் வரும். பதினாலுக்கு வந்ததும் நின்றாள்.

"சார், இதை எடுத்துடலாம். கெமிக்கல்கூட வேண்டாம், வெளிச்சத்துல ஒரு மாசம் வச்சாலே முக்கால்வாசி வெளுத்துடும்."

"வேணாம்மா. அது எம் பொண்டாட்டி வெரல்."

காயத்ரி கார்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். குரல் தணிந்துவிட்டது. "அப்ப இது கறை இல்ல சார், வரலாறு. பக்கத்துல ஒரு பலகை வைக்கலாம். சேகரித்தவரின் மனைவி விசாலாட்சியின் விரல் பதிவு அப்படின்னு." ஐயா தலையசைத்தார். கண் கலங்கியிருந்தது. போகும்போது எல்லாக் கார்டுகளையும் எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். ஒவ்வொன்றின் அடியிலும் 'இது உண்மை' என்று நானும் ஐயாவும் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும்.

மற்றதில் எல்லாம் போட்டுவிட்டேன். பதினாலில் பேனா நகரவில்லை. இதுவரை அந்தப் பொய் ஒரு பெட்டிக்குள் கிடந்தது. இனிமேல் பலகையில் ஏறிச் சுவரில் நிற்கப் போகிறது, நான் செத்த பிறகும், என் கையெழுத்தோடு. இன்னொன்றும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த விரல் என்னுடையது. எல்லாத் தட்டும் தள்ளிப் போன காலத்தில் எனக்குக் கிடைத்த பொட்டு அது. அதன் மேல் எனக்கும் ஆசை இருந்தது.

மறுநாள் காலை. பேழையைத் திறந்தேன். ஐயா உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். நான் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே போய் நின்றேன்.

"ஐயா, இந்தக் கார்டு பொய். அம்மா வைக்கல. நாந்தான் வச்சேன்."

அவர் பொட்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. ஐந்து நிமிடம் தாண்டியது. 'மூடு' என்று சொல்லவில்லை. பத்து நிமிடம் இருக்கும். பிறகு, முப்பது வருஷமாகக் கேட்டுப் பழகிய அதே குரலில் கேட்டார்.

"எது?"

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு சொன்னேன். "குங்குமம். சந்தனத்துல தொட்டது."

"எந்தப் பக்கத்துலருந்து?"

"எதுக்க நின்னு. வலது கை மோதிர வெரலு."

"எப்படி?"

அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. சொல்லத் தொடங்கினேன். "அம்மா தட்ட நீட்டுனாக. நான் கைய இழுத்துக்கிட்டேன். நான் தொடக் கூடாதுன்னு நெனச்சேன், ஐயா. அம்மா மணிக்கட்டப் பிடிச்சாக."

"எந்தக் கையால?"

"இடது கையால. வலதுல தட்டு இருந்துச்சு. வளையலு என் கையில அழுந்துச்சு, தடம் ரொம்ப நேரம் இருந்துச்சு."

"அழுத்துனது யாரு? நீயா, அவளா?"

நான் யோசித்தேன். இத்தனை வருஷத்தில் இதை நான் யோசித்ததில்லை. "அம்மாதான் ஐயா. நான் வெரல வெறைப்பா வச்சிருந்தேன். அழுத்துனது அவுக."

"எவ்வளவு நேரம் பிடிச்சிருந்தா?"

"நான் அழுது முடிக்கிற வரைக்கும்."

ஐயா கையை நீட்டினார். கார்டைக் கொடுத்தேன். பேனாவையும் கேட்டார். 'எப்படி' என்ற வெற்றிடத்தில் நான் சொன்ன ஒவ்வொன்றையும் எழுதினார், இடது கை, வளையல், தடம், அழுதது வரை. இடம் போதாமல் கார்டைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினார். பிறகு முன்பக்கம் வந்து, 'யார்' என்ற இடத்தில் பழைய பெயரை அடிக்காமல் அதன் பக்கத்தில் சேர்த்தார். விரல் பவுன்தாய், அழுத்தம் விசாலாட்சி. கையெழுத்துப் போட்டார். என்னிடம் நீட்டினார், நானும் போட்டேன்.

"அவ இதச் சொல்லவே இல்ல பாரு" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னதில் நிம்மதி வரும் என்பார்கள், வரவில்லை. அவர் நாளைக் காலை வராவிட்டால், அந்தக் கதவை நான் யாருக்காகத் திறப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

வந்தார். அதே நேரம். நான் பேழையைத் திறந்துவிட்டு வழக்கம்போல ஓரத்தில் போய் நின்றேன். அவர் உட்காரவில்லை.

"அங்கன ஏன் நிக்கிற? ஒனக்கும் ஒரு நாற்காலி எடுத்துட்டு வா."

கூடத்திலிருந்து இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டேன். அவர் உட்கார்ந்த பிறகு நானும் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் இரண்டு பேரும் பார்த்தோம். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நின்று பார்த்த கண்ணுக்குப் பொட்டு கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருப்பது இத்தனை வருஷமும் தெரியவில்லை. அம்மா பிடித்து இழுத்த பக்கம் அது.

இப்போது எனக்கு வேலை இல்லை. ஆனாலும் காலை பஸ்ஸை விடுவதில்லை. போன வாரம் பஸ் நிறுத்தத்தில் நாத்தனார் பார்த்துவிட்டாள். "ரிட்டையரு ஆயிட்டேன்னு சொன்ன, இன்னும் அந்த அலமாரியப் பாக்கவா போற?"

"ஆமா" என்றேன். "இப்ப உக்காந்து பாக்கப் போறேன்."